புற்றுக் காளானும் அம்மாவின் மீன்சட்டியும்

முத்துமாரி டிபன் பாக்ஸைத் திறந்ததும் நான் சிவப்புப் பேனாவைக் கீழே வைத்துவிட்டேன்.

ஸ்டாஃப் ரூமில் கரண்ட் இல்லை. மழை வருவதற்கு முந்தைய புழுக்கம். அந்தப் புழுக்கத்துக்குள் மிளகு, சின்ன வெங்காயம், நல்லெண்ணெய் என்று ஒவ்வொரு மணமாக வந்தது. அதற்கெல்லாம் அடியில் இன்னொரு மணம். முதல் தூறல் விழுந்த மண்ணை அள்ளி வாணலியில் வறுத்தால் அப்படித்தான் மணக்கும் என்று நினைக்கிறேன்.

"ஏடி, உங்க அண்ணன் மாலை போட்டிருக்கார்னு சொன்ன? கறி கொண்டாந்திருக்க?"

"கறியா? வாயில போட்டுட்டுப் பேசு."

போட்டேன். நார் நாராகப் பிரிந்தது. கோழியா, நண்டுச் சதையா என்று நாக்கு தடுமாறியது. மென்று விழுங்கிவிட்டு இன்னொரு துண்டு எடுத்தேன்.

"புத்துக் காளான்" என்றாள் முத்துமாரி. "மாலை போட்ட வீட்டுல எங்களுக்கு இதுதான் கறி. கடிச்சா கறி மாதிரி இருக்கும். கவுச்சி மட்டும் இருக்காது."

கவுச்சி இருக்காது. அதைக் கேட்டதும் எனக்கு வாய் நின்றுவிட்டது. மூன்றாவது துண்டு கையிலேயே இருந்தது. அப்பாவின் முகம் நினைவுக்கு வந்தது.

"இது எங்கடி கிடைக்கும்?"

"கடையிலயா கிடைக்கும்? இடி இடிக்கணும். காட்டுக்குப் போகணும்."

"எப்பப் போலாம்?"

"முதல்ல என் டப்பாவக் குடு. எனக்குக் கொஞ்சம் மிச்சம் வை."

தங்கூசி சுற்றிய மோதிரம்

அப்பாவின் காய்ச்சலைப் பற்றி இந்தத் தொடரில் முன்பே எழுதியிருக்கிறேன். இன்றைக்குத்தான் வாசிக்க ஆரம்பிக்கிறவர்களுக்காகச் சுருக்கமாகச் சொல்கிறேன்.

எங்கள் வீடு தங்கச்சிமடத்தில். அப்பா நாட்டுப்படகில் போகிறவர். அம்மா மார்க்கெட்டில் மீன் விற்கிறவள். நான் மட்டும் பாம்பன் பாலத்தைத் தாண்டி, ராமநாதபுரத்தில் ஒரு பள்ளிக்கூடத்தில் உயிரியல் டீச்சர். முத்துமாரி அதே பள்ளியில் கணக்கு டீச்சர், நயினார்கோவிலுக்கு அந்தப் பக்கம் விவசாயம் பார்க்கிற ஒரு சம்சாரி வீட்டுப் பெண்.

அப்பாவுக்கு வந்த காய்ச்சல் போய்விட்டது. போகும்போது அவருடைய மூக்கைக் கலைத்துவிட்டுப் போய்விட்டது. காப்பி மணக்கிறது, மல்லிகை மணக்கிறது. மீன் மட்டும் மீனாக மணக்கவில்லை. "டயர் எரியுற மாதிரி இருக்குதுடி" என்கிறார். முட்டையும் அப்படித்தான், கறியும் அப்படித்தான். டாக்டர், "சில பேருக்கு இப்படி ஆகும், தானா சரியாகும், நாளாகும். பிடிச்சதச் சாப்பிடட்டும்" என்று சொல்லிவிட்டார்.

பிடித்தது என்ன என்பதுதான் பிரச்சினை. பிறந்ததிலிருந்து மீன் தின்றவருக்குப் பருப்பும் ரசமும் என்ன செய்யும்? இரண்டு வாய் சாப்பிட்டுத் தட்டைத் தள்ளுவார். "சப்புன்னு இருக்கு." கஞ்சியும் ஊறுகாயுமாக ஓடியது. கழுத்தில் மாதா படம் கோத்த உத்தரியக் கயிறு தொளதொளவென்று தொங்கியது. கல்யாண மோதிரம் விரலில் நிற்காமல், அதில் வலை பின்னுகிற தங்கூசி நரம்பைச் சுற்றிப் போட்டிருந்தார்.

படகுக்காரர்கள் வந்து பார்த்துவிட்டுப் போனார்கள். அவர்கள் போன பிறகு ஒரு நாள் சொன்னார்: "தை பொறந்தா நல்ல மீன்பாடு கெடைக்கும். அதுக்குள்ள நான் தேறலன்னா, என் எடத்துல வேற ஆளு ஏறிருவான். அவங்க மேல தப்பு இல்ல."

அதைவிட எனக்கு வலித்தது அம்மாவைப் பார்த்துத்தான். மார்க்கெட்டிலிருந்து வந்ததும் நேரே கிணற்றடிக்குப் போவாள். சோப்பு, அது போதாதென்று சீயக்காய், அதற்கு மேல் எலுமிச்சைத் தோல். நகத்தில், முடியில், மணிக்கட்டுச் சுருக்கத்தில் என்று எல்லா இடத்திலும் தேய்ப்பாள். அப்புறம் வந்து அப்பா கட்டிலுக்கு நேராக உட்கார மாட்டாள். வாசல் நிலைப்படி ஓரமாக, காற்று அவரிலிருந்து தன் பக்கம் வீசுகிற இடம் பார்த்து உட்கார்ந்துகொள்வாள்.

காற்றுத் திசை பார்க்கத் தெரிந்த வீடு. அதைக் கடலுக்குப் பார்க்காமல் இப்படிப் பார்க்க வேண்டியதாகிவிட்டது.

நாய்க்குடைக்கு ஒரு பீரியட்

ஞாயிற்றுக்கிழமை போவதென்று முடிவானது. சனி ராத்திரி வானம் தன் வேலையைச் செய்தது. இடித்த இடியில் எங்கள் வீட்டு ஓடு அதிர்ந்தது. எல்லோரும் சிலுவை போட்டுக்கொண்டார்கள். நான் முத்துமாரிக்கு வாட்ஸ்அப்பில், "இது போதுமா?" என்று அனுப்பினேன். "போதும், படு" என்று பதில் வந்தது.

முதல் பூசை முடிந்த கையோடு பஸ் ஏறினேன்.

இங்கே ஒன்றைச் சொல்ல வேண்டும். வருஷா வருஷம் நான் காளான் பாடம் எடுக்கிறேன். போர்டில் குடை வரைவேன், தண்டு வரைவேன், குடைக்கு அடியில் செவுள் வரைவேன், அம்புக்குறி போட்டுப் பெயர் எழுதுவேன். என் படத்தைப் பக்கத்து வகுப்புப் பிள்ளைகள்கூட வந்து பார்த்துவிட்டுப் போகும். ஆனால் ஒரு காளானை மண்ணிலிருந்து நான் பிடுங்கியதில்லை. கடற்கரைக்காரர்களுக்கு நிலத்தில் முளைக்கிறதெல்லாம் யார் வீட்டுச் சமாச்சாரமோதான். மழைக்குக் குடை மாதிரி என்ன முளைத்தாலும் நாய்க்குடை. அதைக் காலால் எத்திவிட்டுப் போவோம்.

முத்துமாரி ஊரில் கண்மாய்க் கரையைத் தாண்டினால் உடைமரக் காடு. உடை, இடையிடையே பனை, ஓரமெல்லாம் சீமைக் கருவேலம். உடைமரம் குடை பிடித்த மாதிரி மேலே தட்டையாக விரிந்திருக்கும். கீழே நிழல் சல்லடையில் சலித்த மாதிரி விழும். நாங்கள் போனபோது முள் நுனியெல்லாம் ஒவ்வொரு சொட்டுத் தண்ணீர். தலையை நிமிர்த்தினால் முள் குத்தும், குனிந்தால் சொட்டு கழுத்துக்குள் விழும்.

கொஞ்ச தூரத்திலேயே நான் கத்தினேன். "இங்கன பாரு! இங்கன பாரு! கெடச்சிருச்சு!"

பனைத்தூரை ஒட்டி, வெள்ளை வெளேரென்று கொத்தாக நின்றது. முத்துமாரி வந்து பார்த்தாள். இடுப்பில் கை வைத்தாள்.

"இது நாய்க்குடை. இதத் தின்னுட்டு நீ படுத்துட்டா, நாளைக்கு உன் பீரியடெல்லாம் என் தலையிலதான் விழும். வா."

அப்புறமும் இரண்டு மூன்று தடவை கத்தினேன். ஒவ்வொரு தடவையும் அவள் என் பீரியடைப் பற்றியே கவலைப்பட்டாள்.

முதல் காளான் புற்றுக்கு

சலித்துப்போய்ப் பேசாமல் நடந்தபோதுதான் கிடைத்தது.

செருப்பில் ஒட்டிய சேற்றைத் தட்ட ஒரு கரையான் புற்றுப் பக்கம் ஒதுங்கினேன். புற்று இடுப்பு உயரம். மழையில் ஒரு பக்கம் கரைந்திருந்தது. அதன் அடியில், உடைச் சருகைத் தலையால் முட்டித் தூக்கிக்கொண்டு, சாம்பலும் வெள்ளையுமாக வரிசையாக நின்றன. சில குடை விரிந்தவை. சில இன்னும் மொக்கு, விரல் நுனி மாதிரி. விரிந்ததன் நடுவிலும் ஒரு கூர் இருந்தது.

இந்தத் தடவை நான் கத்தவில்லை. பயமாக இருந்தது, இதுவும் அதுவாக இருந்துவிட்டால்?

"முத்து" என்றேன் மெதுவாக.

அவள் வந்து பார்த்துச் செருப்பைக் கழற்றினாள். அதிலேயே எனக்கு விஷயம் புரிந்துவிட்டது. நானும் கழற்றினேன். அவள் ஒன்றைப் பிடித்து அசைத்து உருவினாள். தண்டு வந்துகொண்டே இருந்தது, புற்றுக்குள்ளிருந்து வேர் மாதிரி நீளமாக. மூக்கில் வைத்தாள், என் மூக்கிலும் வைத்தாள். டிபன் பாக்ஸில் அடியில் கிடந்த அந்த மணம்!

பிடுங்கிய அந்த முதல் காளானை அவள் புற்றின் உச்சியிலேயே வைத்துவிட்டாள். அவர்கள் ஊரில் அப்படித்தான். எங்கள் ஊரிலும் முதலில் பிடிபட்டதில் ஒரு மீன் அந்தோணியாருக்கு என்று எடுத்து வைக்கிறவர்கள் உண்டு. எனக்குக் கை தானாக நெற்றிக்குப் போய்ச் சிலுவை போட்டுவிட்டது. முத்துமாரி சிரித்தாள்.

"போடு, போடு. ரெண்டு சாமியும் சேந்து காப்பாத்தட்டும்."

பனை ஓலைக் கொட்டானில் நிரப்பினோம். எனக்கு வேகம். விரிந்ததை முடித்துவிட்டு மொக்கில் கை வைத்தேன். அவள் தட்டிவிட்டாள்.

"மொக்க விடு."

"ஏண்டி? எங்க அப்பாவுக்குத்தான கேக்குறேன்."

"எல்லாத்தையும் அள்ளிட்டு, நாளைக்கு வாரவன் என்ன செய்வான்? விடுன்னா விடு."

முறைத்துக்கொண்டே விட்டேன். இதை நினைவில் வைத்துக்கொள்ளுங்கள்.

அவர்கள் வீட்டில் அவளுடைய அம்மாவும் ஒவ்வொன்றாகப் புரட்டிப் பார்த்துச் சரியென்றார்கள். ஒரு பிடி அங்கேயே வதக்கி எனக்குக் கொடுத்தார்கள். தெரிந்தவர் பார்த்துச் சொல்லாமல் காட்டில் எதையும் வாயில் வைக்காதீர்கள், இதை வாசிக்கிற நீங்களும்தான். மீதியைப் பொத்திக்கொண்டு பஸ் ஏறினேன். "இன்னைக்கே சமைச்சிரணும், வச்சா கறுத்துரும்" என்று சொல்லி அனுப்பினார்கள். பாலத்தில் காற்று அடித்தபோது கொட்டானை முந்தானைக்குள் வைத்துக்கொண்டேன். பக்கத்துச் சீட்டுக்காரம்மா, உள்ளே கோழிக்குஞ்சா என்று கேட்டார்.

செவுள் வெளுத்துப் போச்சே

அம்மா கொட்டானை வாங்கினாள். ஒன்றை எடுத்தாள். முப்பது வருஷமாக மீன் பார்க்கிற கை சும்மா இருக்குமா? குடையைத் திருப்பி, அடியில் கட்டை விரலால் நீக்கிப் பார்த்தாள். முகம் சுருங்கியது.

"செவுளு வெளுத்துப் போச்சே புள்ள. பழசு. யாரு உன்ன ஏமாத்துனது?"

"அம்மா, இது மீன் இல்ல. இதுக்குச் செவுள் வெள்ளையாத்தான் இருக்கும்."

"என்னவோ சொல்லு. செவப்பு இல்லாத செவுள நான் கூறுல வைக்க மாட்டேன்."

நான் குளித்துவிட்டு வருவதற்குள் அம்மா காரியத்தை முடித்திருந்தாள். ஒவ்வொரு காளானுக்கும் செவுளைச் சுத்தமாக வழித்து எடுத்துவிட்டாள். பிறகு கல்லுப்புப் போட்டு உரசியிருக்கிறாள். பிறகு புளித் தண்ணீரில் அலசியிருக்கிறாள். வாளை மீனுக்குச் செய்கிற மரியாதை ஒன்று விடாமல் நடந்திருந்தது. அடுப்பில் குழம்பு கொதித்துக்கொண்டிருந்தது, அவளுடைய மீன்சட்டியில்.

அந்தச் சட்டியைப் பற்றிச் சொல்லாமல் எங்கள் வீட்டைப் பற்றிச் சொல்ல முடியாது. அவள் கல்யாணமாகி வந்தபோது கூடவே வந்த மண்சட்டி. கறுத்து, வழவழவென்று, எண்ணெய் ஊறி இருக்கும். வெறும் வெந்நீர் வைத்தாலும் அதில் மீன் குழம்பு வாசம் வரும் என்று அப்பாவே ஒரு காலத்தில் பெருமையாகச் சொல்வார். வேறு சட்டியில் குழம்பு வைக்க அம்மாவுக்குத் தோன்றவே தோன்றாது. எனக்கும்தான் தோன்றவில்லை. நானும் பக்கத்தில் நின்று, "உப்புப் பாரும்மா" என்று சொல்லிக்கொண்டிருந்தேன்.

அப்பா தட்டுக்கு முன்னால் உட்கார்ந்தார். நான் காட்டுக் கதையை அளந்துகொண்டிருந்தேன். அவருக்கும் கொஞ்சம் ஆசை, தெரிந்தது. அம்மா சட்டியைக் கொண்டுவந்து மூடியைத் திறந்தாள்.

அவர் தோள் பின்னால் போனது. வாயைப் பொத்தினார். எழுந்து கொல்லைப் பக்கம் போய்விட்டார்.

திரும்பி வந்து, "மீனா போட்ட?" என்று கேட்டார்.

"மீன் இல்லப்பா. சத்தியமா."

"மீனுதான். டயரு எரியுது."

அம்மா சட்டியைப் பார்த்தாள். நானும் பார்த்தேன். அப்போதுதான் இரண்டு பேருக்கும் உறைத்தது.

"சட்டியா?" என்றாள் அம்மா. குரல் உள்ளே போயிருந்தது. "அவருக்கு என் சட்டியே ஆகல."

அப்பா ஏதாவது சொல்லியிருக்கலாம். படுக்கப் போய்விட்டார். அம்மா குழம்பை எனக்கு ஊற்றினாள், தனக்கு ஊற்றிக்கொள்ளவில்லை. செவுள் போன காளான் ரப்பர் மாதிரி இருந்தது. அவள் பார்க்கிறாள் என்பதற்காக முழுதும் தின்றேன்.

மழைக்கு லீவு

விடிந்ததும் போன் டிங்டிங்கென்று அடித்தது. மழைக்கு லீவு. டீச்சர்களைவிட அதிகமாக அதற்கு வேண்டிக்கொள்கிறவர்கள் உலகத்தில் கிடையாது, பிள்ளைகள் உட்பட.

முத்துமாரியைக் கூப்பிட்டு நடந்ததைச் சொன்னேன். செவுள் கதை வந்தபோது சிரித்தாள். சட்டி கதை வந்தபோது நிறுத்திவிட்டாள்.

"அமலி, அந்த மொக்கு இந்நேரம் விரிஞ்சிருக்கும்" என்றாள்.

இதைத்தான் நினைவில் வைத்துக்கொள்ளச் சொன்னேன். நேற்று அவள் யாரோ ஒருவனுக்காக விடச் சொன்ன மொக்கு. அந்த யாரோ நான்தான்.

குடையோடு பஸ்ஸுக்கு ஓடினேன். புற்றுப் பக்கம் போகும்போது வேறு யாராவது முந்திவிட்டார்களோ என்று நடையை எட்டிப் போட்டேன். இல்லை. அத்தனையும் விரிந்து, மழையில் கழுவிவிட்ட மாதிரி நின்றன. உச்சியில் நாங்கள் வைத்த முதல் காளான் கறுத்து மண்ணோடு ஒட்டியிருந்தது. செருப்பைக் கழற்றி, புதிதாக ஒன்றை அதன் பக்கத்தில் வைத்தேன். இந்தத் தடவை யாரும் சொல்லித் தரவில்லை. அன்றைக்கு முளைத்திருந்த மொக்கையும் விட்டுவிட்டேன்.

காட்டிலிருந்து அவள் வீட்டுக்குத் திரும்பி வந்தால், முத்துமாரி பஸ்ஸுக்குத் தயாராக நிற்கிறாள். கையில் துணிப்பை. பைக்குள் ஒரு மண்சட்டி.

"நானும் வாரேன். அண்ணன் மாலை போட்டப்போ வாங்குன சட்டி. முட்டைகூடப் படல."

"மாலைச் சட்டியவா மீன்கார வீட்டுக்குக் கொண்டு வார? உங்க அண்ணன் என்ன சொல்வாரு?"

"கேட்டுட்டுத்தான் எடுத்தேன். 'சாப்பிட முடியாத மனுசனுக்குன்னா சாமி கோவிக்காது, திருப்பிக் கொண்டு வரவும் வேணாம்'னுட்டான். நீ குடையப் பிடி, சட்டி நனையுது."

அம்மா அவளை வரவேற்று உட்கார வைத்தாள். சட்டியைப் பார்த்ததும் பேச்சுக் குறைந்தது. முத்துமாரி கணக்கு டீச்சர் என்றாலும் இந்தக் கணக்கு அவளுக்குப் புரிந்தது. அடுப்படிக்குள் போகவில்லை. கொல்லையில் மூன்று கல்லைக் கூட்டினாள்.

"அம்மா, எனக்கு உங்க ஊர்க் குழம்புக் கூட்டுத் தெரியாது. நீங்க வந்து சொன்னாத்தான் ஆகும். செவுள மட்டும் விட்ருங்க."

அம்மாவுக்குச் சிரிப்பு வந்துவிட்டது. "வெளுத்த செவுளத் திங்கிற சாதி" என்று சொல்லிக்கொண்டே, கையை மறுபடி சீயக்காய் போட்டுக் கழுவிவிட்டு வந்து குந்தினாள். புளி அளவு அவள் சொன்னாள். தேங்காய் அவள் அரைத்தாள். காளானைக் கையால் கிழித்துப் போட்டது முத்துமாரி. மழை விட்டிருந்தது. கொல்லை முருங்கையில் தண்ணீர் சொட்டும் சத்தம், குழம்பு கொதிக்கும் சத்தம்.

அப்பா கட்டிலிலிருந்தே கேட்டார்: "என்ன மணக்குது?"

நாங்கள் மூன்று பேரும் ஒருவரை ஒருவர் பார்த்துக்கொண்டோம். டயர் என்று அவர் சொல்லவில்லை. மணக்குது என்றார்.

சோற்றில் ஊற்றினோம். முதல் வாயைப் பயந்து பயந்து வைத்தார். மென்றார். இன்னொரு வாய். அப்புறம் தலை நிமிரவில்லை. தட்டை வழிக்கும் சத்தத்தை நான் எத்தனை நாளாகக் கேட்கவில்லை! இன்னும் கொஞ்சம் என்று தட்டை நீட்டினார். அம்மா ஊற்றினாள். ஊற்றிவிட்டுப் பழக்கமாக நிலைப்படிக்குப் போய் உட்கார்ந்துகொண்டாள்.

"நண்டு மாதிரி இருக்கு" என்றார் அப்பா. "இல்ல, நண்டும் இல்ல. என்னமோ இருக்கு." முத்துமாரியைப் பார்த்து, "தாயி, உங்க அண்ணனுக்குச் சொல்லு. நல்லாருக்கணும்" என்றார்.

அவள், "சட்டிதான் எங்களுது, குழம்பு அம்மாவோடது" என்றாள்.

அப்பா நிலைப்படியைப் பார்த்தார். கை கழுவவில்லை. விரலில் மோதிரமும் தங்கூசியும் குழம்பில் நனைந்திருந்தன.

"அங்கன ஏன் உக்காந்திருக்க? இங்கன வா."

"இருக்கட்டும். காத்து இங்கிட்டுத்தான் அடிக்குது."

"அடிக்கட்டும்."

அம்மா எழவில்லை. அப்பா என்னிடம் சொல்கிற மாதிரி அவளிடம் சொன்னார்:

"அடுத்த தடவ உங்க அம்மா சட்டியிலயே வைங்க."

"அது நாறும்பா" என்றேன்.

"நாறும். பாத்துக்கலாம். முதல்ல காளான அந்தச் சட்டியில திங்கிறேன். அப்புறம் ஒத்த நெத்திலி போடுங்க. தைக்கு இன்னும் நாளு கெடக்கு."

அன்று சாயங்காலம் அம்மா மீன்சட்டியைக் கிணற்றடிக்கு எடுத்துப் போனாள். சாம்பல் போட்டாள், புளி போட்டாள், தேங்காய் நாரால் தேய்த்த சத்தம் வீட்டுக்குள் கேட்டது. கட்டிலிலிருந்து அப்பா கத்தினார்: "போதும்டி, ரொம்பத் தேய்க்காத. கொஞ்சம் இருக்கட்டும்."

இதை எழுதும்போது அந்தச் சட்டி கொல்லைச் சுவரில் கவிழ்ந்து கிடக்கிறது. மேற்கே மேகம் கூடியிருக்கிறது. "எங்க ஊருல இப்பத்தான் ஒரு இடி" என்று முத்துமாரி அனுப்பியிருக்கிறாள். கொட்டானை எடுத்து வைத்துவிட்டேன்.